அப்பா உப்பை விட்ட தவக்காலம்

உப்புப் போடாத கேழ்வரகுக் கூழுக்கென்று ஒரு வாசனை உண்டு. மழை விட்ட மறுநாள் ஈரமான மண்சுவர் பக்கத்தில் நின்றால் வருமே, கிட்டத்தட்ட அந்த வாசனை. ஒரு கை உப்பு விழுந்ததும் அது எங்கேயோ ஓடிவிடும் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள வாய்ப்பே வந்திருக்காது. எனக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை பார்த்த வீட்டில், வாசலுக்கு வந்தால் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் குத்தும் வீட்டில், ஒரு தவக்காலத்தில் அந்த வாசனைதான் அடுப்படியில் குடியிருந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். உப்பு பாக்கெட் போடும் இடத்தில் மூட்டை தைத்து, தூக்கி அடுக்குகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கோவிலில் வாசகம் படிக்கக் கூப்பிடுவார்களோ என்று பயந்து தூணுக்குப் பின்னால் நிற்கிறவன். ஆனால் தவக்காலம் வந்து, சோதனையைப் பற்றியும் தன்னடக்கத்தைப் பற்றியும் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூழ்தான் ஞாபகம் வருகிறது. வாயால் சொல்ல வராததால் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கோவில் அப்போது ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோவில். சாமியார் பூசைக்குத்தான் வருவார். மற்றதையெல்லாம் உபதேசியார் சூசைதான் பார்த்துக்கொள்வார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வெளியே வருகிறவர்களை அவர் வாசலிலேயே நிறுத்தி, "இந்த வருஷம் இன்னா ஒறுத்தல்?" என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். ஈஸ்டர் வரைக்கும் எதை விட்டுவிடப் போகிறாய் என்று அர்த்தம். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும், ஊர் கேட்டுவிட்டால் மீற மனம் வராதே என்பதற்காக. ஒருவர் பீடி என்பார், ஒருவர் மீன் என்பார், கிழவிகள் வெற்றிலை என்று சொல்லும்போதே அழுதுவிடுவார்கள் போலிருக்கும். அந்த வருஷம் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி, "நான் கோவத்த வுட்டுட்றேன்" என்று சொல்ல, அவர் மனைவி பின்னாலிருந்து, "வூடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டு, அவர் அங்கேயே திரும்பி அவளைப் பார்த்து முறைத்ததில் வரிசை முழுக்கச் சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவள் அந்த வாயிலிருந்து ஒரே ஒரு சொல்லைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் பெயர் சவரிமுத்து. வாரத்தில் ஆறு நாள் அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வந்ததும், அளத்திலிருந்து வீட்டுக்கு வரும் நேர் வழியில் பனைமரங்களுக்கு நடுவே இருந்த சாராயக்கடையில் உட்கார்ந்துவிடுவார். குடித்துவிட்டு அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். வருகிற வழியில் விழுந்துவிடுவார், அவ்வளவுதான். அதற்கு முந்திய வருஷம் ஒருநாள் அம்மா தேடிக்கொண்டு போனபோது, அவர் பாத்தியில் குப்புறக் கிடந்தார். கணுக்கால் அளவுகூட இல்லாத உப்புத் தண்ணீர். மூக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரல்கடைதான் இருந்ததாம். புருஷனைக் கடல் கொண்டுபோன பெண்கள் பக்கத்துக் குப்பங்களில் இருக்கிறார்கள், ஆனால் என் புருஷனைக் கணுக்கால் தண்ணீர் கொண்டுபோயிற்று என்று நான் எந்த மூஞ்சியோடு சொல்வேன் என்று அம்மா அன்றைக்கு அழுதாள்.

அப்பாவின் முறை வந்தது. உபதேசியார் கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "உப்பு" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உப்பு வாரும் ஆள் உப்பை விடுவதா? உபதேசியாருக்கே கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, உப்புலயே பொழங்கறவன் உப்ப வுட்றான். ஆண்டவருக்கு நெருக்கமான ஒறுத்தல்னா இதாம்பா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. எனக்கும் பெருமையாக இருந்தது. பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வீட்டு வாசலில் வந்துதான் பேசினாள்.

"வுட வேண்டியத வுடாம, வேணுங்கறத வுட்டுட்டு வந்திருக்க."

"உப்பு வுடறது லேசுன்னு நெனச்சியா?"

"லேசில்ல. அதான் சொல்றேன். அத்தினி கஷ்டப்பட்டு நீ எதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கற?"

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தனிச் சட்டி. உப்பில்லாத கூழ், உப்பில்லாத குழம்பு. கருவாட்டைத் தொட மாட்டார், ஊறுகாயைத் திரும்பிப் பார்க்க மாட்டார். முதல் வாரம் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அடுத்த வாரம் கண்ணைத் திறந்துகொண்டே விழுங்கக் கற்றுக்கொண்டார். மதியம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அளத்துக்குக் கூழ் எடுத்துப் போகும்போது, மற்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு அவர் குடிப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். அப்பாவோடு கூடவே பாத்தியில் உப்பு வாருகிற கோவிந்தன் மாமா, வெங்காயத்தை உப்பில் தோய்த்துக் கடித்துக்கொண்டே, "ஏம்பா சவரி, உங்க சாமிக்கு உன் நாக்கு மேல இன்னா கோவம்?" என்று கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே, "சோதிக்கிறாருப்பா. தாங்கறனா இல்லியான்னு பாக்கறாரு" என்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வழக்கம்போலச் சாராயக்கடைக்குப் போனார். சாராயத்தில் உப்பு இல்லையே. அங்கேயும் சுண்டலையும் கருவாட்டையும் தள்ளி வைத்துவிட்டு வெறும் வாயோடு குடித்ததால், கடைக்காரரே அவருக்குத் தனியாக இடம் போட்டு உட்காரவைத்து, "நம்ம கடைக்கி வர்ற ஒரே சாமியாரு" என்று மரியாதை செய்தாராம். கோவிந்தன் மாமா இதை அம்மாவிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். அதே வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில்தான் கோவிலில், ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியைப் பதினாலு ஸ்தலமாக நின்று ஜெபிக்கும் சிலுவைப்பாதை நடக்கும். அம்மாவும் நானும் போவோம். ஆண்கள் பக்கத்தில் அப்பாவின் இடம் காலியாக இருக்கும்.

பங்குனி வெயில் ஏறியது. உப்பளத்து வெயில் மேலேயிருந்து மட்டும் அடிப்பதில்லை. கீழே கிடக்கும் வெள்ளையும் முகத்தில் அடிக்கும். வியர்வை காய்ந்து ஆட்களின் முதுகில் வெள்ளைக் கோடுகளாகப் படியும். மற்றவர்கள் முதுகில் அந்தக் கோடுகள் இருந்தன. அப்பாவின் முதுகில் அது வரவரக் குறைந்துகொண்டே வந்ததை அம்மாதான் கவனித்தாள். ஒடம்புல மிச்சம் இருந்தாத்தான வெளிய வரும் என்று முணுமுணுத்தாள். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. படுத்தால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். எதைக் கேட்டாலும் "பாஸ்கா வரைக்கும்தான்" என்பார், ஈஸ்டரை அவர் அப்படித்தான் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கூழ்த்தூக்கோடு வரப்பில் ஏறியபோது, அப்பா உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பார்த்தது போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது. பலகை ஒரு பக்கம் சரிய, அவர் மறுபக்கம் சரிந்து, வரப்போரமாகக் குவித்து வைத்திருந்த உப்பின் மேல் முகம் பதிய விழுந்தார். நான் கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து புரட்டினார்கள். கால்கள் இரண்டும் கட்டையாக இழுத்துக்கொண்டிருந்தன. கன்னம், இமை, மீசை எல்லாம் உப்பு. நினைவு பாதி போன அந்த நேரத்திலும் அவர் உதடு இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார், ஒரு கல் உப்பு உள்ளே போய்விடக் கூடாது என்று.

கோவிந்தன் மாமா, "டேய், வாயத் தொறடா, செத்துப் பூடுவ!" என்று கத்தினார். உப்புக் கூடையைத் தலையிலிருந்து வீசிவிட்டு அம்மா ஓடிவந்தாள். என் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கினாள். குவியலிலிருந்து கைக்குக் கிடைத்த உப்பை அள்ளிக் கூழில் போட்டுக் கையாலேயே கரைத்தாள். அப்பா தலையை ஆட்டினார்.

"வேணாம்… சோதிக்கிறாரு… நான் தோத்துடக் கூடாது."

அம்மாவுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. கோவிலில்கூட அவள் வாய்க்குள்தான் பாடுவாள்.

"யாரு சோதிக்கிறாரு? கெணத்துல தள்ளிவுட்டு ஆழம் பாக்கறவரா அவரு? இந்த உப்ப யாரு குடுத்தா? இத்தினி வெயிலு, இத்தினி கடலு, எல்லாம் அவரு குடுத்ததுதான? சாகற மனுஷன் வாய மூடிகினு கெடந்தா அவரு கைதட்டிப் பாப்பாரா? அப்பிடி ஒரு சாமிய எனக்குத் தெரியாது. குடி."

அப்பா வாயைத் திறந்தார். அந்தக் கூழ் அவர் தொண்டையில் இறங்கிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்து உப்பைக் கரைத்துக்கொண்டு போனது. கொட்டகை நிழலில் படுக்கவைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் தளர்ந்தது. பொழுது சாய்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

உயிர் வந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகக் கலைந்தார்கள். ஆனால் அம்மாவுக்கு உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பதை நான் பெரியவனான பிறகு புரிந்துகொண்டேன். அப்பாவின் முகம் விழுந்துபோயிருந்தது. "கெட்டுப்போச்சு. ஊரு முன்னால சொன்னது கெட்டுப்போச்சு. இனிமே இன்னா இருக்குது?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று உடைந்துவிட்டால் மற்றதையும் சேர்த்து உடைத்துவிடலாம் என்று தோன்றுமே, அந்த முகம் அது. கையில் கூலி இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

அளத்தின் கோடியில் வழி இரண்டாகப் பிரியும். நேர் வழி பனைமரங்களுக்குள் போகும், சாராயக்கடை அங்கே. மற்றது கழுவெளி என்கிற உப்பேரியின் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு கோவில் பக்கம் போய் ஏறும். அந்தப் பிரிவில் அப்பா நின்றார். கோவிந்தன் மாமா முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திரும்பி, "வரியா சவரி? ஒடம்பு வலிக்குக் கொஞ்சம் ஊத்திக்கினா கேக்கும்" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அப்பா அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "உப்பையே வுட முடியாதவன், அத எங்க வுடறது?"

அம்மா அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அந்த நேரம் இழுத்திருந்தால் எதிர்ப்பக்கம் போயிருப்பார். அவள் தூக்கை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, சாதாரணமாகப் பேசுகிற மாதிரித்தான் சொன்னாள்.

"உப்ப உன் ஒடம்பு கேட்டுச்சு. அப்பிடித்தான் அவரு நம்மளப் படைச்சிருக்காரு, குடுத்தோம். இதுல தோக்கறதுக்கு இன்னா இருக்குது? அங்க உன்ன இஸ்துகினு போறது அவரு வெச்சது இல்ல, அது உன் ஆச. அதுக்கு அவரு பேர வெக்காத." கொஞ்சம் நிறுத்தி, "நாங்க கரை வழியா போறோம். நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். கரைமண் வழுக்கலாக இருந்தது. தண்ணீருக்குள் நாரைகள் நின்றன. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் ஒரு கால் இழுத்து இழுத்து வரும் சத்தம் கேட்டது. அம்மா திரும்பவில்லை. நடையை மட்டும் குறைத்தாள்.

சிலுவைப்பாதை தொடங்கியிருந்தது. ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்காலிட்டு எழுந்திருக்க வேண்டும். இழுத்துக்கொண்ட காலோடு அப்பாவுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்குக் கால் கூசுகிறது. ஆண்டவர் முதல் தடவை விழுகிற இடத்தில் அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். இரண்டாம் தடவை விழுகிற இடத்தில் என் தோளைப் பிடித்து எழுந்தார். மூன்றாம் தடவை விழுகிற இடத்தில் முழங்காலிட்டவர் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் தரையில் கையூன்றிக் குனிந்திருந்தார், தோள் குலுங்கியது. உபதேசியார் சூசை அடுத்த பாட்டை எடுக்க வாயைத் திறந்தவர், பார்த்தார், மூடிக்கொண்டார். அளத்தில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கு வந்திருக்க வேண்டும். சாம்பல் புதனன்று எல்லோருக்கும் கேட்கும்படி புகழ்ந்தவர், அன்று புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்துக்கொண்டு நின்றார். கோவில் முழுக்கக் காத்துக்கொண்டு நின்றது. அப்பா எழுந்த பிறகுதான் பாட்டு தொடங்கியது.

தினமும் சொல்கிற ஜெபத்தில் சோதனையில் விழவிடாதேயும் என்று கேட்கிறோம். சின்ன வயதில் அதைச் சொல்லும்போது, வரப்பில் எண்ணெயைத் தடவிவிட்டு, யார் வழுக்கி விழுகிறார்கள் என்று ஓரமாக நின்று பார்க்கும் ஒருவரைத்தான் நான் மனதில் நினைத்துக்கொள்வேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. இழுத்து இழுத்து வருகிறவனுக்காக நடையைக் குறைக்கிறவர், எழுந்திருக்கும் வரை பாட்டை நிறுத்தி வைக்கிறவர் என்றுதான் தோன்றுகிறது. இது பிரசங்கத்தில் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமா, எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அப்பா சாராயத்தைத் தொடவே இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தொட்டார். அடுத்த மழைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது போனார். பிறகும் ஓரிரு தடவை போனார். போன மறுவாரம், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கழுவெளிக் கரை வழியாக வருவார். அம்மா கேள்வி கேட்காமல் சூடாகக் கூழ் ஊற்றுவாள், உப்புப் போட்டு. போகப்போக அந்தத் தடவைகள் இடைவெளி விட்டுப் பிறகு நின்றும் போயின. அடுத்த வருஷம் சாம்பல் புதனன்று உபதேசியார் கொஞ்சம் தயங்கியே கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தவில்லை, சத்தமாகவும் சொல்லவில்லை. "சுத்து வழி" என்றார், நேர் வழியை விட்டுக் கரை வழியாக வருகிறேன் என்ற அர்த்தத்தில். உபதேசியார் தலையசைத்தார். அதற்கப்புறம் எல்லா வருஷமும் அவருக்கு அதே ஒறுத்தல்தான். ஈஸ்டர் முடிந்த பிறகும் அதை அவர் முடித்துக்கொள்ளவில்லை. அந்தக் கடையை மூடி, கூரையைப் பிரித்து, கட்டையெல்லாம் விறகாகப் போன பிறகும் அப்பா கரை வழியாகத்தான் வந்தார். "கடதான் பூட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு சுத்தற?" என்று கோவிந்தன் மாமா கேலி செய்தார். "கட பூட்ச்சுன்னு எனக்குத் தெரியுது, காலுக்குத் தெரியாதுப்பா" என்றார் அப்பா.

இன்று அந்தக் கரை வழி இல்லை. பாதிக்கு முள்கம்பி போட்டுவிட்டார்கள், மீதியைத் தண்ணீர் தின்றுவிட்டது. பனைமரங்கள் நின்ற இடத்தில் மண்டபம் வந்திருக்கிறது. கோவில் காங்கிரீட்டாகப் பெரிதாகிவிட்டது. சாம்பல் புதனன்று வாசலில் நின்று யாரும் கேட்பதில்லை. அவரவர் மனதுக்குள் முடிவு செய்துகொண்டு போகிறோம். உபதேசியாரும் இல்லை, அப்பாவும் இல்லை. இந்தப் பக்கத்துக் குப்பத்தில் கள்ளச்சாராயம் ஆட்களைக் கொண்டுபோனபோது, அம்மா ராத்திரிச் சோற்றைத் தொடாமல் அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு இப்போது பிரஷர். ஆஸ்பத்திரியில் உப்பைச் சுத்தமாகக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் அடுப்படியில் மறுபடியும் தனிச் சட்டி, மறுபடியும் அந்த ஈரமண் வாசனை. "அந்த மனுஷன் வுட்டதக் கடசில நான் புடிச்சிக்கினேன் பாரு" என்று ஒவ்வொரு வாய்க்கும் சிரிக்கிறாள்.

போன வாரம், அவள் தனியாக அப்படிக் குடிப்பதைப் பார்க்க மனம் வராமல், நானும் என் கூழில் உப்புப் போடாமல் உட்கார்ந்தேன். ஒரு வாய் குடிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

"டேய், உனக்கு இன்னாடா வந்துச்சு?"

"ஒன்னுமில்லம்மா. சும்மாதான்."

"சும்மால்லாம் வுடாத. மூட்ட தூக்கற ஒடம்பு அது. அவரு குடுத்தத எடுத்துப் போட்டுக்க" என்று உப்பு ஜாடியை என் பக்கம் தள்ளினாள்.

ஜாடி அவள் கையை விட்டு வர ஒரு கணம் ஆனது. நான் இரண்டு கல் எடுத்துப் போட்டுக் கரைத்தேன். அந்த ஈரமண் வாசனை என் கிண்ணத்திலிருந்து ஓடியது. அம்மா அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் சிரிப்பு. உதடு இரண்டும், அன்றைக்கு அப்பாவுக்கு இருந்தது போல, இறுக மூடியிருந்தன.